புழுதிப் புயலுக்கு ஈரத்துண்டு போதும், புகைமூட்டத்துக்குப் போதாது

சிங்கப்பூர்த் தமிழர்கள் பலருக்கு வளைகுடா நாடுகளிலும் சொந்தக்காரர்கள் உண்டு. அங்கே புழுதிப் புயல் வருகிறது என்றால் கதவடியில் ஈரத்துண்டை அடைப்பார்கள், ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டுவார்கள், எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துவார்கள். இங்கே புகைமூட்டம் சூழ்ந்ததும் அதே யோசனைகள் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். அவற்றில் சில இங்கேயும் உதவும், சில உதவாது. காரணம் துகளின் அளவு.

புயலில் பறப்பதெல்லாம் மணல் இல்லை. மணல் கனமானது. அது தரையை ஒட்டி, ஓரிரு மீட்டர் உயரத்துக்குள் தாவித் தாவித்தான் போகும். விழும்போது அது தரையில் மோதிக் கிளப்பிவிடும் நுண்புழுதிதான் வானத்தில் ஏறி நாடு விட்டு நாடு போகிறது. 2022 மே மாதப் புழுதிப் புயலின்போது குவைத் விமான நிலையத்தில் விமானங்களையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

அவ்வளவு புழுதியும் வீட்டுக்குள் வந்தபின் என்ன ஆகும்? காற்று அசையாத அறையில் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள புழுதித் துகள் கூரையிலிருந்து தரைக்கு வர ஐந்தாறு நிமிடம் ஆகும். 1 மைக்ரான் புகைத்துகளுக்கோ ஏறக்குறைய ஒரு நாள்! துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் விழும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். போதாததற்குப் புகைத்துகள் புழுதியைவிட லேசானதும்கூட. இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் களிமந்தானிலும் கரிநிலம் (மக்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு நிலம்) எரிந்து வரும் புகையில் பெரும்பாலான துகள்கள் 1 மைக்ரானுக்கும் சிறியவை. அதனால் புழுதியைத் துடைத்து எடுத்துவிடலாம். அதுவும் ஈரத்துணியால்தான், விளக்குமாற்றால் பெருக்கினால் மறுபடி கிளம்பிவிடும். புகை அவ்வளவு சீக்கிரம் விழாது. அதை வடிகட்டித்தான் எடுக்க வேண்டும்.

இடுக்கு வழியாக நுழையும்போதும் இதே கதைதான். வளைந்து நெளிந்த இடுக்கில் கனமான துகளால் காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாது, சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். புகைத்துகள் காற்று போகும் இடமெல்லாம் போகும். ஆகவே புகைமூட்டத்தில் துணியின் ஈரத்தால் பெரிய பலனில்லை. இடுக்கை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறோம் என்பதே முக்கியம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயத்தில் வளைகுடாக்காரர்கள் சொல்வது முற்றிலும் சரி. சமையலறை ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தால் வாசல் கதவடி, ஏர்கான் குழாய் போகும் ஓட்டை என்று கிடைத்த வழியில் புகையை இழுத்துவரும். அப்புறம், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் குளியலறைக்கும் சமையலறைக்கும் கண்ணாடிப் பட்டை ஜன்னல்தான் என்றால் அதை முழுவதும் அடைப்பது நடக்காத காரியம். வீடு முழுவதையும் காப்பாற்றப் பார்க்காமல், அந்தக் கதவுகளைச் சாத்திவிட்டு ஒரு படுக்கையறையை மட்டும் நன்றாக அடைத்துக்கொள்வதே நல்லது.

அந்த அறையில் ஏர்கான் ஓடினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். சுவரில் மாட்டும் ஏர்கான் அறைக்காற்றையே சுற்றவிட்டுக் குளிர்விக்கிறது. அதிலுள்ள வலை பஞ்சையும் தூசியையும் பிடிக்கும், புகையை விட்டுவிடும். இதற்கு ஹெப்பா (HEPA) எனும் நுண்துகள் வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வேண்டும்.

ஹெப்பா ஒரு சல்லடை இல்லை. அதன் இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளி புகைத்துகளைவிடப் பெரியது. பெரிய துகள்கள் நேராகப் போய் இழையில் மோதுகின்றன. மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகள் இடித்து அங்குமிங்கும் அலைக்கழிவதால் எப்படியும் ஓர் இழையைத் தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. பிடிக்கக் கடினமானது இடைப்பட்ட 0.3 மைக்ரான்தான். அதனால்தான் அந்த அளவில் 99.97 சதவீதம் பிடிக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

வாங்கும்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடுங்கள். 12 சதுர மீட்டர் அறை, 2.6 மீட்டர் உயரம் என்றால் சுமார் 31 கனமீட்டர் காற்று. மணிக்கு நான்கு முறை சுத்தமாக வேண்டுமென்றால் கருவி மணிக்கு 125 கனமீட்டர் சுத்தமான காற்றைத் தர வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் உச்ச வேகத்துக்கானது. இரவில் சத்தம் வேண்டாமென்று வேகத்தைக் குறைத்தால் அதில் ஒரு சிறு பகுதிதான் கிடைக்கும். ஆகவே தேவைக்கு ஒரு படி பெரிதாகவே வாங்கலாம். ஓசோன் வெளிவிடும் கருவிகள் பக்கம் போகவே வேண்டாம், ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல்.

நம் வீடுகளுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் ஊதுவத்தியும் வெளியிடுவது அதே வகை நுண்துகள்தான். அடைத்த வீட்டிலிருந்து அது வெளியேற வழியில்லை. புகைமூட்ட நாட்களில் விளக்கு மட்டும் ஏற்றிக் கும்பிடலாம். மிளகாய் கருகத் தாளிப்பதையும் தள்ளிப்போடலாம்.

அறையை இறுக்கி அடைத்தால் நாம் விடும் மூச்சில் கரியமில வாயு ஏறும், தலை கனக்கும். இடையிடையே ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். எப்போது திறப்பது என்பதற்கு 24 மணி நேர பிஎஸ்ஐ எனும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்க்காதீர்கள். அது நாள் முழுவதற்குமான சராசரி, மாற்றத்தைத் தாமதமாகவே காட்டும். தேசிய சுற்றுப்புற வாரியம் வட்டார வாரியாக வெளியிடும் ஒரு மணி நேர பிஎம் 2.5 (2.5 மைக்ரானும் அதற்குச் சிறியதுமான நுண்துகள்) அளவைப் பாருங்கள். கனமீட்டருக்கு 55 மைக்ரோகிராம் வரை இயல்பு நிலை. உங்கள் வட்டாரத்தில் அதற்குக் கீழே இறங்கியதும் ஜன்னல்களை அகலத் திறந்துவிடலாம்.