ஒளிபரப்பு உரிமை கைமாறினால் வர்ணனையாளருக்கு என்ன ஆகும்?

ஓமலூர், ஆத்தூர் பக்கம் கபடிப் போட்டிகளில் மைக் பிடித்துப் பழகிய இளைஞர்களில் பலருக்கு டிவி வர்ணனைக்கு வர ஆசை. குரலும் வேகமும் இருக்கின்றன. ஆனால் அந்த வேலையைத் தருவது யார் என்பதில் தெளிவு வேண்டும். ஒளிபரப்பு உரிமையை வைத்திருக்கும் நிறுவனம்தான் வர்ணனையாளர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. உரிமை போனால் அந்தக் குழுவும் கலையும்.

ஹாக்கியில் இது அடிக்கடி நடக்கிறது. 2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பை ஸ்டார் ஸ்போர்ட்ஸில் வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வெண்கலம் வென்ற ஆட்டம் ஸ்போர்ட்ஸ்18-லும் ஜியோசினிமாவிலும் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் இந்த இரண்டு தரப்பும் ஒன்றாகிவிட்டன. இரண்டு சேனல் ஒன்றானால் இரண்டு குழுவுக்கு வேலை இருக்காது. செலவைக் குறைக்கும்போது முதலில் கத்தி விழுவது மாநில மொழி ஒளிபரப்பில்தான். ஒவ்வொரு மொழிக்கும் தனி அறை, இரண்டு மூன்று குரல், தயாரிப்பாளர், ஒலிப் பொறியாளர் வேண்டும். விளம்பரத்தையும் தனியாக விற்க வேண்டும்.

கனடாவின் ஐஸ் ஹாக்கியிலும் இதைப் பார்க்கலாம். 2013 நவம்பரில் ரோஜர்ஸ் நிறுவனம், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் உரிமையை 12 ஆண்டுக்கு 520 கோடி கனடிய டாலர் கொடுத்து வாங்கியது. அடுத்த ஏப்ரலில் அரசு ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி 657 வேலைகளைக் குறைத்தது. ஹாக்கி கைவிட்டுப் போனது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் 2008-ல் சிபிசி தொடங்கிய பஞ்சாபி வர்ணனை பிழைத்தது. ரோஜர்ஸிடம் ஓம்னி என்ற பன்மொழிச் சேனல் இருந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தது. அதில் பேசிய ஹர்நாராயண் சிங் பிறகு ஆங்கில ஒளிபரப்புக்கும் போனார். ஆகவே உரிமை கைமாறும் செய்தி வந்ததும், வாங்கியவரிடம் தமிழ்ச் சேனல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொகை எவ்வளவு என்பது நமக்கு அடுத்த விஷயம்.

ஒப்பந்தத்தில் பலர் ஏமாறுவது பிரத்தியேக நிபந்தனையில். வருடம் முழுவதும் வேறு எங்கும் பேசக்கூடாது என்று எழுதியிருப்பார்கள். எத்தனை நாள் வேலை தருவோம் என்று எழுதியிருக்க மாட்டார்கள். உறுதியான நாள் கணக்கு இல்லாவிட்டால், அந்தத் தடையை அந்தத் தொடர் நடக்கும் தேதிகளுக்கு மட்டும் சுருக்கச் சொல்லுங்கள். தொடர் ரத்தானால் எவ்வளவு தருவார்கள் என்பதும், உங்கள் குரலை வைத்து ஏஐ குரல் உருவாக்க எழுத்தில் தனிச் சம்மதம் வேண்டும் என்பதும் தாளில் இருக்கட்டும். வாய்ச்சொல் போதாது.

வர்ணனையாளர் சம்பளத்தில் 10% டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள்; 2008 முதலே வருமான வரித் துறை இதைத் தொழில்முறைச் சேவையாகக் கருதுகிறது. நிறுவனம் இணையப்போகிறது என்றால் பழைய நிறுவனத்திடம் டிடிஎஸ் சான்றிதழை உடனே வாங்கிவிடுங்கள். பிறகு யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் போகும்.

புதிய உரிமையாளர் மைதானத்துக்கு ஆள் அனுப்பாமல், உலகத்துக்கெல்லாம் போகும் பொதுப் படத்தை வாங்கி ஸ்டுடியோவில் வைத்தே பேசச் சொல்வதும் உண்டு. இதில் ஹாக்கி கடினம். ஆட்டம் நிற்காமலே வீரர்கள் மாறிக்கொண்டிருப்பார்கள். திரையில் அது தெரியாது. எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி கார்னரில் கடிகாரம் 40 விநாடி நிற்கும்போது திரையில் ரீப்ளே ஓடும். படம் திரும்பும்போது கோல்கோட்டுக்குப் பின்னால் தடுக்கும் அணியில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் நிற்பார்கள், பந்து உடனே உள்ளே வந்துவிடும். பந்தைத் தள்ளுபவர், நிறுத்துபவர், ட்ராக் ஃப்ளிக் (பந்தை மட்டையால் இழுத்து வீசுவது) அடிப்பவர் என இரண்டு அணிக்கும் சட்டை எண்ணோடு ஒரே தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவையுங்கள். முதல் ஃப்ளிக்கர் வெளியே உட்கார்ந்திருந்தால் அடுத்தவர் யார் என்பதும் அதில் இருக்கட்டும். எண் தெரியாவிட்டால் பெயரை ஊகித்துச் சொல்லாதீர்கள். பந்து போகும் திசையைச் சொன்னாலே நேயர் கூட வருவார்.

மாதிரிப் பதிவு அனுப்பும்போது கோல்களை மட்டும் வெட்டி ஒட்ட வேண்டாம். 15 நிமிடக் கால்பகுதி ஒன்றை முழுதாக, ஒலி மட்டும் அனுப்புங்கள். மேட்ச் படத்தோடு யூடியூபில் ஏற்றினால் உரிமை வைத்திருப்பவரே அதை நீக்கச் சொல்வார். அவரிடம்தான் நாளை நீங்கள் வேலை கேட்கப் போகிறீர்கள். எதுவும் நடக்காத ஐந்து நிமிடத்தில் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைத்தான் தயாரிப்பாளர் கேட்பார்.