ஜெனிசிஸ்: உடைந்த தட்டுகளில் தப்பிய சூரியக் காற்று

சூரியக் காற்று என்பது சூரியனின் வெளி வளிமண்டலத்திலிருந்து நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் ஓயாமல் வெளியேறும் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள். பூமியின் காந்தப்புலம் அவற்றைத் திருப்பிவிடுகிறது. அதனால் 2001 ஆகஸ்டில் நாசா ஏவிய ஜெனிசிஸ் விண்கலம், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளியுள்ள, இரண்டின் ஈர்ப்பும் சமன்பட்டுக் கலம் நிலைகொள்ள ஏதுவான லாக்ராஞ்சு 1 புள்ளியைச் சுற்றி நின்று, 2004 ஏப்ரல் வரை சுமார் 850 நாட்கள் அவற்றைச் சேகரித்தது.

பிடித்த விதம் எளிமையானது. அதிதூய்மையான அறுகோணத் தட்டுகளைத் திறந்து வைத்தார்கள். மோதும் அயனிகள் சில பத்து நானோமீட்டர் ஆழம் புகுந்து அங்கேயே தங்கிவிடும். அளக்கவேண்டிய தனிமம் தட்டில் ஏற்கெனவே இருந்தால் கணக்கு கெட்டுவிடும். சிலிக்கானில் விழுந்த சிலிக்கானை எப்படிப் பிரிப்பது? ஆகவே சிலிக்கான், ஜெர்மானியம், சஃபையர், தங்கப்பூச்சு என்று பல வகை வைத்தார்கள். வேகக் காற்று, மெதுவான காற்று, சூரிய வெடிப்பில் கிளம்பும் காற்று ஆகியவற்றைக் கலத்தின் உணரிகள் அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய தட்டு வரிசையை மட்டும் வெளியே நீட்டின. ஆக்சிஜனும் நைட்ரஜனும் மிகக் குறைவு என்பதால், குவிப்பான் என்ற கருவியின் மின்புல ஆடி ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டு மற்றவற்றைச் சுமார் 20 மடங்கு செறிவாக 6 செ.மீ. அகல இலக்கில் குவித்தது.

2004 செப்டம்பர் 8. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தின் மேல், தட்டுகளோடு திரும்பும் பெட்டகத்தின் பாராசூட் விரியும், அந்தரத்திலேயே ஹெலிகாப்டர் கொக்கி போட்டுப் பிடிக்கும் என்பது திட்டம். பாராசூட் விரியவே இல்லை. வேகக்குறைவை உணர்ந்து மின்சுற்றை மூடவேண்டிய சிறு சுவிட்சுகள் வரைபடத்திலேயே தலைகீழாக இருந்தன, அப்படியே பொருத்தப்பட்டன. வால்மீன் தூசியைச் சேகரிக்க நாசா முன்பே அனுப்பிய ஸ்டார்டஸ்ட் கலத்தின் வடிவமைப்பைத் தழுவியது என்ற நம்பிக்கையில், பிழையைக் காட்டியிருக்கக்கூடிய சோதனை விடுபட்டது. மணிக்கு 311 கி.மீ. வேகத்தில் பெட்டகம் ஈரமண்ணில் மோதிப் பிளந்தது.

தட்டுகள் பல்லாயிரம் சில்லுகளாயின. ஆனால் எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதைச் சில்லின் தடிமனே சொன்னது: காற்றின் வகைக்கேற்ப 550 முதல் 700 மைக்ரான் வரை வெவ்வேறு தடிமனில் செய்திருந்தார்கள். எத்தனை அருமையான முன்யோசனை! மண் மேற்பரப்பில்தான் ஒட்டியிருந்தது, அயனிகளோ உள்ளே. ஹூஸ்டனின் ஜான்சன் விண்வெளி மையத்தில் ஒவ்வொரு சில்லாக எடுத்து, மீயொலி அதிர்வோடு அதிதூய நீரில் கழுவினார்கள். விண்ணிலேயே படிந்திருந்த பழுப்புப் படலத்துக்குப் புற ஊதா ஒளியும் ஓசோனும் வேண்டியிருந்தன. அதற்கும் மசியாத அழுக்கைத் தவிர்க்க, சில ஆய்வாளர்கள் சில்லைப் பின்பக்கத்திலிருந்து அரித்துவந்து அளந்தார்கள். முன்புற அழுக்கை எட்டுமுன் அயனிகள் கிடைத்துவிடும்.

குவிப்பானின் நான்கு இலக்குத் துண்டுகளில் மூன்று உடையாமல் தப்பியது பெரும்பேறு. 2011-ல் அவற்றிலிருந்து முடிவு வந்தது: மற்ற இரு ஆக்சிஜன் ஐசோடோப்புகளோடு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுவகைகள்) ஒப்பிட்டால், சூரியனில் ஆக்சிஜன்-16 பூமியில் உள்ளதைவிடச் சுமார் 6 சதவீதம் அதிகம். நைட்ரஜன்-15-இன் விகிதமோ பூமியைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவு. ஒரே வாயுமேகத்தில் பிறந்தும் இந்த வேறுபாடு ஏன்? ஆக்சிஜனைப் பொறுத்தவரை, கோள்கள் உருவாகுமுன் புற ஊதாக் கதிர்கள் கார்பன் மோனாக்சைடை ஐசோடோப்புக்கு ஏற்ப வெவ்வேறு அளவில் உடைத்ததே காரணம் என்ற விளக்கம் இப்போது முன்னணியில் இருக்கிறது.