போன் நம்பரை ஹாஷ் செய்தால் மறைந்துவிடுமா?

இரண்டு நிறுவனங்கள். இருவருக்கும் பொதுவான வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்று மட்டும் தெரிய வேண்டும். பட்டியலை ஒருவருக்கொருவர் காட்டக் கூடாது. "நம்பரை எல்லாம் ஹாஷ் பண்ணி அனுப்பிடுறோம் சார்" என்றார்கள். ஹாஷ் என்பது ஒரு எண்ணை, நேராகத் திருப்ப முடியாத குறியீடாக மாற்றுவது; ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே குறியீடுதான் வரும். தரவுப் பாதுகாப்பு வேலையில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

இந்திய மொபைல் எண் பத்து இலக்கம். 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தமே 400 கோடி எண்கள். அத்தனைக்கும் ஹாஷ் போட்டுப் பார்க்க நல்ல கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சில நொடிகள் போதும். அவர்கள் தந்த மாதிரிக் கோப்பை அங்கேயே எண்களாகத் திருப்பிக் காட்டினேன்.

சரி, வேறு என்ன வழி? 1982இல் கணினி அறிவியலாளர் ஆண்ட்ரூ யாவ் ஒரு கேள்வி கேட்டார்: இரண்டு கோடீஸ்வரர்கள் சொத்து மதிப்பைச் சொல்லாமலே யார் பெரிய பணக்காரர் என்று அறிய முடியுமா? அதற்கு அவர் தந்த விடைகளில் ஒன்று, கணக்கை லாஜிக் கேட்டுகளாலான (0, 1 இவற்றை வாங்கி 0 அல்லது 1 தரும் சிறு படிகள்) சர்க்யூட்டாக்கி, சர்க்யூட்டையே பூட்டிவிடுவது.

ஒரே ஒரு ஆண்ட் கேட்டை எடுத்துக்கொள்வோம்; உள்ளே வரும் இரண்டும் 1 என்றால் மட்டுமே அது 1 தரும். அதன் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு சாவி (தற்செயலாக எடுத்த ரகசிய எண்கள்): 0க்கு ஒன்று, 1க்கு ஒன்று. பார்த்தால் எது எதுவென்று தெரியாது. உள்ளே வரும் இரு கம்பிகளின் சாவிகளால் வெளியே போகும் சாவியைப் பூட்டினால் நான்கு வரிகள். அவற்றைக் கலைத்துப் போட்டு எதிர்த்தரப்புக்கு அனுப்புகிறோம். அவர் கையில் கம்பிக்கு ஒரு சாவிதான் இருக்கும். அதனால் ஒரே ஒரு வரிதான் திறக்கும். கிடைத்த சாவி 0வா 1ஆ என்பது அவருக்கே தெரியாது, அப்படியே அடுத்த கேட்டுக்குப் போகிறார். கடைசி விடை மட்டும் வெளிப்படும். அவருடைய தரவுக்கான சாவிகளையும் அவர் எதை எடுத்தார் என்று நமக்குத் தெரியாதபடி வாங்கிக்கொள்ள தனி நெறிமுறை உண்டு.

ஒருமுறை பூட்டிய சர்க்யூட்டை மறுபடி பயன்படுத்தவே கூடாது. இரண்டு சாவியும் அவர் கையில் சேர்ந்துவிட்டால் ரகசியம் போச்சு. அப்புறம், பூட்டுபவர் வேறு சர்க்யூட்டை மாற்றி வைத்தால் இந்த எளிய வடிவம் கண்டுபிடிக்காது. அதற்குத் தனிக் காவல் வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது விடைதான். ஒரே ஒருவரின் எண்ணை மட்டும் பட்டியலாகக் கொடுத்தால், "பொது: 1" என்ற பதிலே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பூட்டு அதைத் தடுக்காது. அதனால் அந்த இரு நிறுவனங்களிடமும் நிரல் எழுதும் முன்பே எழுதி வாங்கினேன்: என்ன கேள்வி, எத்தனை முறை, பட்டியலில் குறைந்தது எத்தனை பேர் என்று.