முதல் மீட்பாளர்: சொல் விளக்கம்

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ தாக்கிய இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்து உயிர் காக்கும் வேலையில் இறங்குபவரை ஆங்கிலத்தில் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் என்கிறார்கள். தமிழில் இதற்கு முதல்நிலை மீட்பாளர், முதல்நிலைப் பொறுப்பாளர், முதல் பதிலளிப்பாளர் என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. ஆப்த மித்ரா என்ற பெயரும் அரசு அறிவிப்புகளில் வருகிறது. இவற்றில் எது பொருந்தும் என்று கேட்பதற்கு முன்னால், அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் இது சீருடைக்காரர்களுக்கான சொல்லாகத்தான் பிறந்தது. சாலை விபத்து நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸுக்கு முன்பே போய்விடுகிற காவலருக்கும் தீயணைப்பு வீரருக்கும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய காலத்தில் அது வழக்குக்கு வந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு செய்திகள் வழியே உலகம் முழுக்கப் பரவியது. ரெஸ்பாண்ட் என்பதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அதில் 'ஸ்போந்தேரே' என்றால் உறுதி கொடுத்தல். 'ரே' என்ற முன்னொட்டு சேர்ந்தால் பதிலுக்கு உறுதி கொடுத்தல். பொறுப்பைக் குறிக்கும் ரெஸ்பான்சிபிள் என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான்.

இந்தச் சொல் ஊர்மக்களுக்கும் உரியது என்பதை உலகத்துக்குப் புரியவைத்தவை பெரும் நிலநடுக்கங்கள். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம் குலுங்கியபோது, அக்கம்பக்கத்தார் வெறுங்கையாலேயே இடிபாடுகளைத் தோண்டினார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாத அந்தத் தன்னார்வலர்கள் சுமார் 800 பேரை உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். அந்த முயற்சியில் அவர்களில் ஏறத்தாழ 100 பேர் இறந்தும் போனார்கள். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்த லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறை, குடியிருப்பாளர்களுக்கே பயிற்சி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1993 முதல் அது அமெரிக்கா முழுவதற்குமான திட்டமாயிற்று. ஜப்பானின் கோபே நகரில் 1995 ஜனவரியில் நடந்ததும் இதையே காட்டியது. அங்கே இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 35,000 பேர் என்றும், அவர்களில் சுமார் 27,000 பேரை மீட்டது அக்கம்பக்கத்தார்தான் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் 2004 சுனாமிக்குப் பிறகு, 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. பேரிடர் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், பாதிக்கப்பட்ட பகுதியின் சமூகம் சமாளிக்கும் திறனுக்கு அப்பாற்பட்டதாக அது இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நான் திரும்பத் திரும்ப வாசித்த வரி இது. ஊராரின் திறன் கூடினால் பேரிடர் என்று சொல்லத்தக்கதன் எல்லையே சுருங்கும் என்ற பொருள் இதற்குள் இருக்கிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. திறமையான படை, மறுப்பதற்கில்லை. ஆனால் வேதாரண்யத்தில் வீடு சரிந்தால் அரக்கோணத்திலிருந்து வண்டி வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். மூச்சு நின்றவருக்கு அந்த நேரம் கிடையாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் 25 மாநிலங்களின் 30 மாவட்டங்களில், மாவட்டத்துக்கு 200 பேர் வீதம் 6,000 பேருக்குப் பயிற்சி என்று திட்டமிட்டார்கள். பிறகு 350 மாவட்டங்கள், 1 லட்சம் தன்னார்வலர்கள் என்று அதை விரித்தார்கள். இந்தியில் அதன் பெயர் 'ஆப்தா மித்ர'. வடமொழியில் 'ஆபத்' என்றால் துன்பம், இடர். நம் ஆபத்து வந்தது அங்கிருந்துதான். 'மித்ர' என்றால் நண்பன். ஆக, ஆபத்துக்கால நண்பன் என்பதே பெயரின் பொருள். தமிழ் அறிவிப்புகளில் இது 'ஆப்த மித்ரா' ஆனபோது பொருள் நழுவிவிட்டது. தமிழில் ஆப்தம், ஆப்தர் என்பவை நம்பிக்கைக்குரிய நெருக்கத்தைக் குறிக்கும் வேறு வடசொல்லின் வழிவந்தவை. 'ஆப்த நண்பர்' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எனவே நம் காதில் இது உற்ற தோழன் என்று விழுகிறதே தவிர, பேரிடரோடு சேர்த்துப் புரிவதில்லை. பேரிடர்கால நண்பன் என்றே எழுதியிருக்கலாம். இடர் நல்ல பழைய சொல். 'இடரினும் தளரினும்' என்று சம்பந்தர் தேவாரத்தில் அது வினையாகவே வருகிறது. இலங்கையில் பேரிடரை அனர்த்தம் என்பார்கள். அங்கே அது நிலைத்துவிட்ட வழக்கு.

சரி, இனி மூன்று தமிழ்ச் சொற்கள். முதல் பதிலளிப்பாளர் என்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. கேள்விக்குப் பதில் சொல்கிறவர் என்றுதான் படும். இதை விட்டுவிடலாம். முதல்நிலைப் பொறுப்பாளர் என்பது லத்தீன் வேருக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பொறுப்பாளர் என்றவுடன் நினைவுக்கு வருவது மாவட்டப் பொறுப்பாளர், தேர்தல் பொறுப்பாளர் போன்ற பதவிகள். கழுத்தளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை.

மிஞ்சுவது மீட்பாளர். இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இவர்கள் செய்வதெல்லாம் மீட்பு வேலை மட்டும்தானா? 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரை மூழ்கியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கியது. சுமார் 800 பயணிகள். அதிகாரிகளும் படையினரும் நெருங்க முடியாத நேரத்தில் பக்கத்திலுள்ள புதுக்குடி ஊர்மக்கள் அரிசி திரட்டிச் சமைத்துப் போட்டார்கள். அவர்களும் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள்தான். சோறு போட்டது மீட்பா என்று கேட்டால், தமிழில் ஆம் என்றே சொல்லலாம். மீள் என்றால் திரும்புதல், மீட்டல் என்றால் திரும்பக் கொண்டுவருதல். அடகு வைத்த நகையை மீட்கிறோம். இழந்த நிலைக்கு ஒருவரைத் திருப்பிக் கொண்டுவரும் எதுவும் மீட்பில் அடங்கும்.

அந்தச் சொல்லின் பழமைதான் என்னை அதன் பக்கம் இழுக்கிறது. பகைவர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்பதைக் கரந்தை என்று இலக்கணம் வகுத்தார்கள். செங்கம் பகுதி நடுகற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்ற தொடர் வரும். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். ஊரின் மந்தையை மீட்கப் போய் உயிர் விட்டவனுக்கு ஊர் எடுத்த கல் அது. தன் ஊருக்காக முன்னே ஓடுகிறவனைத் தமிழ் இந்த வினையால்தான் நினைவில் வைத்திருக்கிறது.

ஆனால் பட்டான் என்பது இன்று நிகழக் கூடாது. மெக்சிகோவின் 100 பேருக்கு நேர்ந்ததும் அதுதானே. அதனால்தான் பயிற்சியில் முதல் பாடமே உன் உயிரைப் பார் என்பது. ஆப்த மித்ரா பயிற்சி 12 நாள். தலைக்கவசம், உயிர்காப்பு மேலங்கி, டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி அடங்கிய பையும் கொடுக்கிறார்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தாண்டாதே, மூழ்குகிறவன் கைக்கு எட்டும் தூரத்துக்கு நீந்திப் போகாதே, கயிற்றையோ கம்பையோ நீட்டு என்பதெல்லாம் இந்த வேலையின் அரிச்சுவடி. காலி பிளாஸ்டிக் கேன்களை மூடிக் கட்டி மிதவை செய்யலாம். இரண்டு மூங்கில் கழியும் ஒரு போர்வையும் இருந்தால் தூக்குப்படுக்கை தயார். இதயம் நின்றவருக்கு நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். வெள்ளம் வடியும்போது பாம்புக்கடி கூடும். கடித்த இடத்தைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்டவரை அசையவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவையெல்லாம் சொல்லிக் கொடுக்கக்கூடியவை. எந்த வீட்டில் பாட்டி எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறாள், எந்தத் தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு தண்ணீருக்கடியில் இருக்கிறது என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். 2018-இல் கேரள மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றியதும் இப்படி அவர்களிடம் ஏற்கெனவே இருந்த திறமையால்தான்.

அப்புறம் 'நிலை' பற்றி. முதல்நிலைக் காவலர், முதல்நிலைத் தேர்வு என்னும்போது அது தரத்தையோ கட்டத்தையோ குறிக்கிறது. இங்கே நாம் சொல்ல வந்தது முந்திச் சேர்வதை. ஆகவே நிலையை நீக்கி முதல் மீட்பாளர் என்பதே போதும். பழைய புணர்ச்சி விதிப்படி முதன்மீட்பாளர் என்று வரும், ஆனால் அது முதன்மை என்ற சொல்லோடு குழம்பும் என்பதால் பிரித்தே எழுதுவோம். மீட்பர் என்று சுருக்க வேண்டாம், கிறித்தவத் தமிழில் அது இயேசுவின் பெயர். சீருடைப் படையினரிடமிருந்து பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ஊர் முதல் மீட்பாளர் என்னலாம். ஆண், பெண் இருவருக்கும் இதே சொல் பொருந்தும்: 'எங்கள் தெருவின் முதல் மீட்பாளர் கனகா அக்காதான்', 'புயல் எச்சரிக்கை வந்ததும் முதல் மீட்பாளர்கள் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள்.'