முன்கூட்டி யாருக்கும் தெரியாத எண்

சித்திரை மாதத்தில் கொழும்பின் பின்னேரங்களை மழை எடுத்துக்கொள்ளும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மண்டபத்தில் இருந்த பழைய வானொலி, வானம் இருளுமுன்பே படபடவென்று இரையத் தொடங்கும். "அவிசாவளைப் பக்கம் மின்னுது பிள்ளை, கொடியில கிடக்கிற உடுப்பை எடு" என்பார் அம்மம்மா. இடியோசை எட்டாத தூரத்து மின்னலும் வானொலி அலையாக எங்கள் மண்டபத்துக்கு வந்துவிடும். பாட்டுக்கு நடுவே கேட்ட அந்த இரைச்சலை நாங்கள் குறையாகத்தான் நினைத்திருந்தோம். ஆனால் டப்ளினில் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த மாட்ஸ் ஹார் என்பவர் 1998 முதல் இதே வளிமண்டல இரைச்சலிலிருந்து எண்களை எடுத்து, இணையத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவருகிறார்.

எழுமாற்று எண்கள் என்று உயர்தரக் கணிதத்தில் படித்திருப்போம். எழுமாறு என்றால் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடப்பது என்பது பலருடைய எண்ணம். நான் இதை வேறு மாதிரிக் கேட்கவே விரும்புகிறேன்: அடுத்து வரப்போகும் எண் யாருக்குத் தெரியாது? எனக்கு மட்டுமா, உங்களுக்குமா, அதைச் செய்தவருக்குமா?

7, 6, 1, 8, 11, 10, 5, 12 என்ற வரிசையைப் பாருங்கள். சிதறல் மாதிரித்தான் தெரிகிறது. நான் செய்தது இவ்வளவுதான்: எண்ணை 5 ஆல் பெருக்கி, 3 ஐக் கூட்டி, 16 ஆல் வகுத்து, மீதியை எடுத்தேன். 12 க்கு அடுத்தது 15. விதி தெரிந்தவருக்கு இதில் இரகசியமே இல்லை. கணினி தரும் 'எழுமாற்று' எண்கள் பெரும்பாலும் இதைவிடப் பன்மடங்கு சிக்கலான, ஆனால் இதே இனத்தைச் சேர்ந்த கணக்குகள். தொடக்க எண் தெரிந்தால் முழு வரிசையும் தெரிந்துவிடும்.

விளையாட்டுக்கு இது போதும், பூட்டுக்குப் போதாது. வங்கியிலிருந்து வரும் ஓடிபி, வாட்ஸ்அப் செய்தியை மூடிவைக்கும் சாவி எல்லாமே பிறர் ஊகிக்க முடியாத எண்ணில் தங்கியிருப்பவை. 2006 இல் டெபியன் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் செய்த ஒரு சிறு திருத்தம், சாவி உண்டாக்கும் மென்பொருளுக்குப் போய்ச்சேர வேண்டிய எழுமாற்றுத் தரவைத் துண்டித்துவிட்டது. மிஞ்சியது, ஓடும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் கணினி இடும், 32,768 வரை போகக்கூடிய ஒரு செயல் இலக்கம் மட்டும். அதாவது, ஒவ்வொரு வகைச் சாவியிலும் ஏறத்தாழ அத்தனைதான் பிறக்க முடியும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். 2008 மே மாதம்தான் அது வெளியே தெரிந்தது.

ஆகவே கணக்கை விட்டு இயற்கையிடம் போகவேண்டும். நாணயம் சுண்டலாமே? ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து 350,757 தடவை சுண்டிப் பார்த்து 2023 இல் முடிவை வெளியிட்டார்கள். சுண்டும்போது மேலே இருந்த பக்கமே மேலாக விழுந்தது 50.8 வீதம். சிறிய சாய்வுதான். ஆனால் நாணயம் நியூட்டனின் விதிப்படி சுழல்வது. விரலின் விசையைத் துல்லியமாக அளப்பவருக்கு விடை முன்பே தெரியும். மின்னல் இரைச்சலும் அடிப்படையில் அப்படித்தான். அதன் காரணங்கள் எண்ணில் அடங்காதவை என்பதே அதற்குக் காவல்.

ஒளி விசயம் வேறு. கோட்டையிலிருந்து இரவு ரயிலில் கடற்கரையோரம் வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள்: யன்னல் கண்ணாடியில் உங்கள் முகமும் தெரியும், வெளியே போகும் விளக்குகளும் தெரியும். விழும் ஒளியில் ஒரு பகுதி திரும்புகிறது, மறுபகுதி ஊடுருவுகிறது. ஒளியை ஒற்றை ஒற்றைப் போட்டனாக, அதாவது ஒளியின் மிகச்சிறிய துணுக்காக, அனுப்பினால்? போட்டன் பாதியாகப் பிளப்பதில்லை. திரும்பும் அல்லது ஊடுருவும். சரிபாதி பிரிக்கும் ஆடியொன்றை வைத்து, திரும்பினால் 0, ஊடுருவினால் 1 என்று குறித்துக்கொள்ளலாம். இந்தப் போட்டன் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிக்கும் காரணம் எதையும் குவாண்டம் கோட்பாடு தருவதில்லை. வாய்ப்பை மட்டுமே தருகிறது.

கருத்து அழகானது, வேகம் போதாது. ஒரு போட்டனைப் பிடித்த உணரி அடுத்ததைப் பிடிக்க ஆயத்தமாவதற்குச் சற்று நேரம் எடுக்கும். லேசருக்கு அந்தத் தடை இல்லை.

வீட்டுக்கு வரும் பைபர் இணைப்பிலும் கடையில் பார்கோடு வாசிக்கும் கருவியிலும் இருப்பது குறைகடத்தி லேசர். மின்னோட்டம் அதன் இலத்திரன்களை உயர்ந்த சத்தி நிலைக்கு ஏற்றிவைக்கிறது. அவ்வழியே ஒரு போட்டன் போனால், இலத்திரன் தூண்டப்பட்டு அதே நிறம், அதே திசை, அதே அவத்தையில் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே அவத்தை) இன்னொரு போட்டனை விடும். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். மார்கழிப் பசனையில் ஒருவர் எடுத்த சுருதியிலேயே மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்துகொள்வது போலத்தான். சரி, முதற் குரல் யாருடையது? தூண்டுவார் இல்லாமல், தானாகவே ஓர் இலத்திரன் கீழிறங்கி விட்ட போட்டன் அது. இதைத் தன்னிச்சைக் காலல் என்பார்கள். அது எந்தக் கணத்தில், எந்த அவத்தையில் பிறக்கும் என்பது உலகில் எங்கும் முன்கூட்டி எழுதப்பட்டிருக்கவில்லை.

இப்போது லேசரை ஒரு செக்கனில் கோடிக்கணக்கான தடவை அணைத்து அணைத்து ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் பழைய சுருதி அடங்கி, புதிதாய் ஒரு முதற் குரலிலிருந்து துடிப்பு வளர்கிறது. துடிப்பின் பிரகாசம் ஒன்றேதான்; அவத்தை மட்டும் தடவைக்குத் தடவை மாறும். அதைக் கண்டுபிடிக்க, ஒரு துடிப்பை நீண்ட பாதையால் சுற்றவைத்து அடுத்த துடிப்போடு சந்திக்க விடுகிறார்கள். இரண்டின் அவத்தைகளும் ஒத்தால் வெளிச்சம், எதிரானால் இருள். வெளிச்சம் 1, இருள் 0. ஒற்றைப் போட்டனில் ஒளிந்திருந்த நிச்சயமின்மையை லேசர் தானே பெருக்கி, சாதாரண ஒளியுணரியே காணக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்து தருகிறது. இந்தத் துறையிலே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இன்னொரு வழி, லேசரைக் குழப்பிவிடுவது. வெளியேறும் ஒளியில் கொஞ்சத்தை ஓர் ஆடியால் திரும்ப உள்ளே அனுப்பினால் அதன் பிரகாசம் தாறுமாறாக ஏறி இறங்கும். தொடக்கத்தில் தூசியளவு வேறுபாடு இருந்தாலும் சற்று நேரத்தில் முற்றிலும் வேறான போக்காகும். அந்தத் தூசியை ஓயாமல் போட்டுக்கொண்டிருப்பதும் தன்னிச்சைக் காலலே. ஜப்பானில் அட்சுஷி உச்சிதா குழுவினர் 2008 இல் இப்படி இரண்டு லேசர்களை இணைத்துச் செக்கனுக்கு 170 கோடி பிட் (பிட் என்பது ஒரு 0 அல்லது 1) எடுத்தார்கள். 2021 இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஹுய் காவோ குழுவினர் உடுக்குப் போல் இடை சிறுத்த, மில்லிமீற்றரிலும் சிறிய லேசரில் பல புள்ளிகளை ஒரே நேரத்தில் அளந்து, செக்கனுக்கு ஏறத்தாழ 250 டெராபிட், அதாவது 250 இலட்சம் கோடி பிட் வேகத்தைக் காட்டினார்கள். ஆனால் அதைப் பதிவு செய்ய ஆய்வுகூடத்து அதிவேகக் கமரா தேவைப்பட்டது. லேசர் சில்லுக்குள் அடங்கிவிட்டது, கமரா இன்னும் அடங்கவில்லை.

எந்தக் கருவியும் நூற்றுக்கு நூறு நேர்மையாக இராது. 1 சற்றுக் கூடுதலாக வரலாம். இதற்குக் கணிதமேதை ஜோன் வொன் நொய்மன் 1951 இல் சொன்ன உபாயத்தை நெளிந்த இரண்டு ரூபாய்க் குற்றியிலேயே செய்து பார்க்கலாம். இரண்டிரண்டாகச் சுண்டுங்கள். பூ‑தலை என்றால் 0, தலை‑பூ என்றால் 1, இரண்டும் ஒன்றானால் விட்டுவிடுங்கள். குற்றி எவ்வளவு சாய்ந்திருந்தாலும் பூ‑தலைக்கும் தலை‑பூவுக்கும் வாய்ப்புச் சமம். பிட்டுகள் பாதிக்கு மேல் வீணாகும், சாய்வு போய்விடும்.

சோதனைகளும் உண்டு. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 15 வகைப் பரிசோதனைகளை வகுத்திருக்கிறது. அவற்றில் தேறிவிட்டதால் ஒரு வரிசை யாருக்கும் தெரியாதது என்று ஆகாது. வட்டத்தின் பை எண்ணின் இலக்கங்களும் அங்கே தேறும். அவற்றையோ எவரும் கணித்துவிடலாம். பெட்டியைச் செய்தவர் விடைகளை முன்கூட்டியே உள்ளே எழுதிவைத்திருந்தாலும் இந்தப் பரிசோதனைகள் கண்டுபிடிக்கமாட்டா.

அதற்கும் ஒரு வழி திறந்தது. 2010 இல், மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு மீற்றர் இடைவெளியில் வைத்த இரண்டு இற்றர்பியம் அயன்களை (மின்னேற்றம் பெற்ற அணுக்களை), விலகி இருந்தும் ஒன்றின் விடை மற்றதன் விடையோடு தொடர்புபடும் குவாண்டம் பிணைப்பில் இணைத்து, 3,016 தடவை அளந்தார்கள். இரு பக்க விடைகளும், முன்பே எழுதிவைத்த எந்த விடைத்தாளாலும் தரமுடியாத அளவுக்கு ஒத்துப்போயின. அத்தனை உழைப்புக்கும் கிடைத்தவை 42 பிட்டுகள். அந்த 42 ஐயும், கருவியைச் செய்தவர்கள் உட்பட, யாரும் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை என்பதை 99 வீத உறுதியோடு அவர்களால் சொல்ல முடிந்தது.