கடல் கரைக்காத கல்

புக்கெட் போய்வந்த வாசகி ஒருவர் ஒரு புகைப்படத்தை அனுப்பி, கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். படத்தில் கடலுக்கு நடுவே ஒரு பாறை. மேலே பருத்து, நீர்மட்டத்தில் சிறுத்து, ஆணியில் நிற்கும் பம்பரம் மாதிரி இருக்கிறது. "அலை அடித்து அடித்து அடிப்பாகம் கரைந்துவிட்டது என்று வழிகாட்டி சொன்னார். ஆனால் சார், அங்கே அலையே இல்லை. கடல் குளம் மாதிரி கிடந்தது. அப்புறம் எப்படிக் கரைந்தது?"

அதே படகுச் சுற்றுலாவுக்கு நானும் சில வருடங்களுக்கு முன் போயிருக்கிறேன். அதே விளக்கத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கொடுத்த அன்னாசிப் பழத்தைத் தின்றுவிட்டு வந்தேன். இந்தக் கேள்வி எனக்கு அங்கே தோன்றவில்லை என்பதில் கொஞ்சம் வெட்கம்தான்.

போகாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தின் மேற்கே, புக்கெட் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே இருக்கிறது பங்ஙா விரிகுடா. ஒன்றாம் வகுப்பில் ங, ஙா, ஙி என்று எழுதிப் பழகியதோடு நாம் கைவிட்ட எழுத்துக்கு அங்கே அன்றாடம் வேலை இருக்கிறது. 1981 முதல் இது தேசியப் பூங்கா. நாற்பதுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புக்கல் தீவுகள் செங்குத்தாக, கரை என்று ஒன்றே இல்லாமல், தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. (இதே பங்ஙா மாகாணத்தின் தகுவா பா பகுதியில்தான் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்து வணிகர்களையும் அது குறிப்பிடுகிறது. இந்தப் பாறைகளைப் பார்த்து அவர்கள் என்ன கதை கட்டினார்களோ, கல்வெட்டில் அதைப் பொறிக்கவில்லை.)

காலையில் பெரிய படகு கிளம்பும். பனாக் தீவு, ஹோங் தீவு மாதிரி இடங்களில் நங்கூரமிட்டு, நம்மை ரப்பர் தோணிகளில் இரண்டிரண்டு பேராக ஏற்றுவார்கள். துடுப்பு போடுபவர் பாறைச் சுவரை நோக்கி நேராகப் போவார். முட்டப்போகிறோம் என்று நினைக்கும்போது நீர்மட்டத்தில் ஒரு பொந்து தெரியும். உள்ளே இருட்டு, வௌவால் எச்சத்தின் நெடி. "படுங்கள், படுங்கள்" என்பார். மல்லாந்து படுத்தால் மூக்குக்கு ஒரு சாண் மேலே குகைக்கூரை நகர்கிறது. கூரை முழுக்கச் சிப்பிகள், ஒவ்வொன்றும் பிளேடு. கையை வெளியே நீட்டினால் போயிற்று. ஒரு நிமிடம்தான். திடீரென்று வெளிச்சம். நாலாபுறமும் நூறு அடி, இருநூறு அடிச் சுவர். நடுவில் பச்சைத் தண்ணீர், அலையாத்தி மரங்கள், மேலே வட்டமாக வானம். தீவுக்குள் ஒளிந்திருக்கும் முற்றம். இதைத்தான் 'ஹோங்' என்கிறார்கள். அறை என்று பொருள்.

அறைக்குக் கதவு உண்டு. அது கடலின் ஏற்றவற்றம். நீர் ஏறினால் பொந்து அடைபடும், மிகவும் வற்றினால் தோணி தரைதட்டும். சென்னைக் கடற்கரையில் ஏற்றவற்றம் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்றால், இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டரை மீட்டரைத் தாண்டும். நாளுக்கு இரண்டு ஏற்றம், ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்று பத்து மணிக்குத் திறந்த கதவு இன்று பத்து ஐம்பதுக்கு. பயண நிரலைப் போடுவது கம்பெனி இல்லை, நிலா.

சரி, கல்லுக்கு வருவோம்.

இந்தச் சுண்ணாம்புக்கல் பெர்மியன் காலத்துக் கடலடியில் படிந்தது, 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. நிலத்தட்டுகள் மோதி அதை மேலே தூக்கின. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடை எடுத்து, லேசான கார்பானிக் அமிலமாகி, விரிசல் விரிசலாக இறங்கிக் கல்லைக் கரைத்தது. பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வைத்து ஊதியிருப்பீர்கள். முதலில் பால் மாதிரி வெண்மையாகும், விடாமல் ஊதினால் மறுபடி தெளியும். அந்த இரண்டாவது பாதிதான் இது: கரையாத கால்சியம் கார்பனேட், கரையும் பைகார்பனேட்டாக மாறுகிறது. எஞ்சிய இடங்கள் தூண்களாக நின்றன, கரைந்த இடங்கள் குகைகளாயின. சில குகைகளின் கூரை இடிந்து முற்றங்களாயின. இதெல்லாம் நடந்தபோது இங்கே கடல் இல்லை. 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இன்று தோணி விடும் இடத்தில் அன்று நடந்து போயிருக்கலாம். அப்புறம் பனி உருகியது, கடல் ஏறியது, குன்றுகள் தீவுகளாயின.

இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். வாசகியின் கேள்வி இனிமேல்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு தீவின் இடுப்பிலும், நீர்மட்டத்தில், யாரோ கயிறு கட்டி இறுக்கினதுபோல் உள்நோக்கிய குடைவு ஒன்று ஓடுகிறது. சில இடங்களில் தோணியையே உள்ளே ஒதுக்கிவிடலாம், அவ்வளவு ஆழம். இதைச் செதுக்கியது யார்?

அலை என்றால், அலையே எட்டாத ஹோங்குகளின் உள்சுவரில் எப்படி அதே குடைவு? ஆக அலையை விட்டுவிடலாம். கடல்நீர் கரைத்தது என்றால் அங்கேதான் வேடிக்கை. வெப்பமண்டலக் கடலின் மேல்நீரால் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்க முடியாது. ஏற்கெனவே அதில் கால்சியம் கார்பனேட் நிறைந்து வழிகிறது. தாங்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு. அடியில் சர்க்கரை தங்கிவிட்ட காப்பியில் இன்னொரு ஸ்பூன் போட்டால் கரையுமா? நியாயப்படி அந்தக் கடல்நீர் சுண்ணாம்பைக் கக்க வேண்டும். நீரில் உள்ள மெக்னீசியம் குறுக்கே நின்று தடுப்பதால்தான் அது சும்மா இருக்கிறது. சிப்பியும் பவளமும் ஓடு கட்டிப் பிழைக்கிற கடல் அது.

நிலத்தடியிலிருந்து கசியும் நன்னீர் கடல்நீரோடு கலக்கும் இடங்களில் கொஞ்சம் கரையும், அதை மறுக்கவில்லை. கல்லைக் கரைத்துக் கரைத்து வயிறு நிறைந்த இரண்டு வகை நீர் ஒன்றாகக் கலந்தால், கலவைக்கு மறுபடி பசி எடுக்கும் என்று 1964-இல் ஆல்ஃபிரட் பூக்லி என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் விளக்கினார். ஆனால் இவ்வளவு ஒழுங்கான கோடு, சரியாக ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில், தீவு தவறாமல்? அதற்குக் கை வேண்டும். அல்லது பல்.

பல்தான்.

குடைவுக்குள் தோணியை நிறுத்திச் சுவரை உற்றுப் பாருங்கள். எட்டுத் தகடுகளை அடுக்கிய கவசத்தோடு, பெருவிரல் நீளத்தில், கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும் பிராணிகள் தெரியும். கைட்டன் என்று பெயர். பக்கத்திலேயே சின்னத் தொப்பி கவிழ்த்த மாதிரி லிம்பெட் நத்தைகள். இரண்டுக்கும் நாக்கு என்பது ஒரு தேங்காய்த் துருவி: நீண்ட நாடா, அதில் வரிசை வரிசையாகப் பற்கள். முன்வரிசை தேய்ந்து உதிர, பின்வரிசை நகர்ந்து முன்னால் வரும். சாகும்வரை பல்லுக்குப் பஞ்சமில்லை.

கைட்டனின் பல்லை 1962-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் என்ற விஞ்ஞானி ஆராய்ந்தபோது நுனியில் இருந்தது மேக்னடைட், அதாவது காந்தக்கல். உயிரினம் ஒன்று தன் உடம்புக்குள்ளேயே மேக்னடைட் செய்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பற்களைக் காந்தத்தால் பொறுக்கிவிடலாம். கடினத்தன்மை அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லின் கால்சைட்டுக்கு 3, மேக்னடைட்டுக்கு 6-ஐ ஒட்டி. இரும்பு அரத்தால் சாக்பீஸைத் தேய்ப்பது போலத்தான். லிம்பெட்டின் பல் வேறொரு இரும்புக் கனிமமான கோதைட்டால் ஆனது. அதன் இழைகள் நமக்குத் தெரிந்த உயிரிப்பொருள்களிலேயே மிக வலுவானவை, சிலந்தி நூலைவிட வலு, என்று 2015-இல் பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகக் குழு அளந்து சொன்னது.

ஆனால் கல்லில் என்ன சத்து இருக்கிறது? எதற்காக இவை கல்லைத் துருவுகின்றன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அவை தேடுவது கல்லை அல்ல, கல்லுக்குள் பதுங்கியிருக்கும் பாசியை.

சுவரின் அந்தக் கருஞ்சாம்பல் நிறம் கல்லின் நிறம் இல்லை. மேற்பரப்புக்குக் கீழே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்துக்குள், நுண்ணிய நீலப்பச்சைப் பாசிகள் பொந்து தோண்டி வாழ்கின்றன. வெளியே இருந்தால் வெயில் பொசுக்கும், நத்தை மேயும். உள்ளே மெல்லிய வெளிச்சம் வரும், சமையலுக்கு அது போதும். நத்தைக்கும் இது தெரியும். அதனால் கூரையையே துருவித் தின்கிறது. கூரை போனதும் வெளிச்சம் இன்னும் உள்ளே போகிறது. பாசி இன்னும் ஆழமாகத் தோண்டி ஓடுகிறது. நத்தை பின்னாலேயே வருகிறது. இந்தத் துரத்தலில் இரண்டும் சேர்ந்து மலையை அரிக்கின்றன. தின்ற கல் என்ன ஆகும்? சுண்ணாம்புப் புழுக்கையாக வெளியே வரும்.

பாசி எப்படித் தோண்டுகிறது என்பது வெகுநாள் புதிர். பல் இல்லை. அமிலம் விட்டுத் தோண்டலாம் என்றால், ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர் சுற்றியுள்ள நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும். நீர் காரத்தன்மை அடையும். சுண்ணாம்பு கரைவதற்குப் பதில் படியும். கணக்குப்படி பாசி தன் பொந்தைத் தானே சிமெண்ட் பூசி அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். 2010-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபெரான் கார்சியா-பிச்செல் குழுவினர் இப்படிப்பட்ட ஒரு பாசியின் தந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் இழையின் நுனி கல்லைத் தொடும் இடத்தில் ஒரு சொட்டுக்கும் குறைவான நீர் இருக்கிறது. பாசி அதிலிருந்து கால்சியத்தை மட்டும் இழுத்துக்கொள்கிறது. கால்சியம் குறைந்த நீர், குறையை நிரப்பக் கல்லைக் கரைக்கிறது. இழுத்த கால்சியம் செல் செல்லாகக் கைமாறி, இழையின் மறுமுனையில் கடலுக்குள் கொட்டப்படுகிறது. கிணறு வெட்டுகிறவர்கள் வரிசையாக நின்று மண்சட்டியைக் கைமாற்றுவது நினைவுக்கு வருகிறதா? அதேதான். இந்த வேலைக்கு உதவும் கால்சியம் பம்பின் உறவுக்காரப் புரதம் நம் தசையிலும் உண்டு. சுருங்கிய தசை தளர்வதற்குக் கால்சியத்தைத் திரும்ப இறைத்தாக வேண்டும். மலையைக் குடையும் கருவியும் உங்கள் முஷ்டியைத் தளர்த்தும் கருவியும் ஒரே குடும்பம்.

குடைவு ஏன் நீர்மட்டத்தில் மட்டும்? மிகவும் மேலே போனால் காய்ந்து செத்துவிடும். கீழேயே கிடந்தால் மீனும் நண்டும் விடாது. நடுவில் உள்ள அந்த ஓரிரு மீட்டர்தான் மேய்ச்சல் நிலம். வெப்பமண்டலத்தில் இந்த அரிப்பு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அற்பம்தான், ஆனால் ஆயிரம் ஆண்டில் ஒரு மீட்டர்.

"நத்தைப் பல்லை ஆராயவா அரசாங்கக் காசு?" என்று கேட்பவர்களை நான் கூட்டங்களில் சந்தித்திருக்கிறேன். நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.7 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அதிலும் 'உடனே என்ன பயன்' என்று எழுதிக் காட்டினால்தான் பணம். லோவன்ஸ்டாமும் அப்படி ஒரு படிவத்தை நிரப்பியிருந்தால் அந்தக் காந்தப் பல் இன்னும் பாறையில்தான் கிடந்திருக்கும்.

இனி, படத்தில் உள்ள பாறை. அது தாபு. 'ஆணி' என்று பொருள். 1974-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தால் உலகப் புகழ் பெற்றது. மீன் கிடைக்காமல் திரும்பத் திரும்ப ஓர் ஆணியே வலையில் சிக்க, கோபத்தில் மீனவன் அதை வாளால் வெட்டினானாம். ஒரு துண்டு கடலில் குத்திக்கொண்டதாம். கதை எனக்குப் பிடித்திருக்கிறது. கதை என்று சொல்லிச் சொல்லப்படும் கதைகளோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு உண்டியல் வைக்கும்போதுதான் சண்டை. தாபுவின் உயரம் சுமார் 20 மீட்டர், மேலே அகலம் 8 மீட்டர், நீர்மட்டத்தில் 4 மீட்டர் மட்டுமே. சுற்றிலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று மேலோட்டமாகக் கணக்குப் போட்டால் இடுப்பு அற்றுப்போக 2000 ஆண்டு. கல் அவ்வளவு நாள் பொறுக்காது, விரிசலில் முன்பே முறியும். 1998 முதல் படகுகளை அதன் அருகே விடுவதில்லை.

அடுத்த முறை போனால் இன்னொன்றையும் பாருங்கள். சில சுவர்களில் இன்றைய குடைவுக்குச் சில மீட்டர் மேலே பழைய குடைவு ஒன்று, செத்த சிப்பிகள் ஒட்டியபடி, வறண்டு கிடக்கும். சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் கடல் அந்த உயரத்தில் இருந்தது. அன்றைய நத்தைகளின் மேய்ச்சல் நிலம் அது.

எங்கள் தோணிக்காரர் அன்று கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பொந்தின் கூரையில் எந்தச் சிப்பிவரை ஈரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, போதும், கிளம்பலாம் என்றார். மறுபடி மல்லாந்து படுத்தேன். என் மூக்குக்கு நேர் மேலே, சிப்பிகளுக்கு நடுவே, ஒரு கைட்டன் அசையாமல் இருந்தது. இவற்றில் பல இரவில்தான் மேயும். தண்ணீர் ஏறி, எங்கள் பெரிய படகு புக்கெட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அதற்கு வேலை நேரம்.