இலையை மூடாத விருந்தாளிகள்

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் மன்றத்தின் தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கிய சில நிமிடங்களிலேயே அகப்பக்கம் படுத்துவிட்டது. பார்த்தால் கணினியின் செயலி (சிபியு) ஏறக்குறைய சும்மாவே இருந்தது. வேலை செய்யாத சர்வர் ஏன் மயங்கி விழ வேண்டும்?"

தமிழில் சர்வர் என்றால் பரிமாறுகிறவரும்தான். இன்று அது வசதியாகப் போயிற்று. ஓர் இலைக்கு ஓர் ஆள் என்று பந்தி நடத்துவதை நினைத்துப் பாருங்கள். அகப்பக்கங்களை அனுப்பும் மென்பொருளான அப்பாச்சியின் பழைய 'பிரீஃபோர்க்' முறை அதுதான்: ஓர் இணைப்புக்கு ஒரு புரோசஸ் (தனியாக ஓடும் ஒரு நிரல்), இயல்பு உச்சவரம்பு 256. ஒவ்வொன்றும் 30 மெகாபைட் நினைவகம் பிடித்தால் மொத்தம் 7,680 மெகாபைட். உங்கள் பக்கத்தைத் தயாரிக்கச் சில மில்லிவினாடிகள் போதும். ஆனால் அனுப்பிய பிறகும் அடுத்த கோரிக்கை வரலாம் என்று அப்பாச்சி இயல்பாக 5 வினாடி காத்திருக்கும். சாப்பிட்டு முடித்தும் இலையை மூடாமல் ஊர்க்கதை பேசும் விருந்தாளிகள்! 257ஆவது ஆள் வாசலில் நிற்கிறார், செயலி கொட்டாவி விடுகிறது.

ஒரே கணினி 10,000 இணைப்புகளைத் தாங்குமா என்ற கேள்விக்கு 1999இல் டேன் கெகல் 'சி10கே' என்று பெயர் வைத்தார். ஒருவரே பல இலைகளைக் கவனிக்கும் 'செலக்ட்' முறை அதற்கு முன்பே இருந்தது. ரச வாளியோடு வரிசை நெடுகக் குனிந்து குனிந்து "வேண்டுமா?" என்று கேட்பவர் போன்றது அது. வேண்டியவர் மூவர்தான் என்றாலும் எல்லா இலைகளுக்கும் நடக்க வேண்டும். போதாக்குறைக்கு, லினக்ஸ் இயங்குதளத்தில் 1,024 இலைக்கு மேல் அது பார்க்காது.

லினக்ஸின் 'எப்போல்' இந்த நடையையே ஒழித்தது. எனக்குக் காதல் அதன்மேல்தான். ஒவ்வோர் இணைப்பையும் ஒரே ஒரு முறை லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிடம் பதிந்துவைக்கிறோம். பதிந்தபோதே அந்த இணைப்பில் ஒரு சிறு கொக்கி மாட்டப்படுகிறது. பிறகு தரவு வந்து பிணைய அட்டையைத் தட்டும்போது, அது எந்த இணைப்புக்கு உரியது என்று கெர்னல் எப்படியும் கண்டுபிடித்தாக வேண்டும். அந்தக் கணத்திலேயே கொக்கி இழுபட்டு, அந்த இணைப்பு 'தயார்' பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தேடுதல் என்ற வேலையே இல்லை. வந்த தரவே தன் வரவைச் சொல்லிவிடுகிறது. 10,000 பேரில் 12 பேருக்குத் தேவை என்றால் 12 பெயர்கள் மட்டும் கைக்கு வரும். 2004இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் இப்படித்தான் ஓடுகிறது. சும்மா இருக்கும் 10,000 இணைப்புகளுக்கு அதில் சுமார் 2.5 மெகாபைட் போதும். மேலே உள்ள 7,680ஐ இன்னொரு முறை பாருங்கள்.

ஆயுத பூஜையன்று சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைப்பதில் எனக்கு வருத்தமில்லை. எலுமிச்சம்பழத்தை மட்டும் அதன் காற்றுத் துளையருகே வைக்காதீர்கள். பொட்டு வைத்த கையோடு 'யூலிமிட்' என்ற வரம்பு எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள். பல லினக்ஸ் கணினிகளில் ஒரு புரோசஸ் திறந்துவைக்கக்கூடிய கோப்புகள் இயல்பாக 1,024. ஒவ்வோர் இணைப்பும் ஒரு கோப்பாகவே கணக்காகும். என்ஜின்எக்ஸின் 'வொர்க்கர் கனெக்‌ஷன்ஸ்' என்ற இணைப்பு வரம்பு இயல்பாக 512. இரண்டையும் சேர்த்தே உயர்த்துங்கள். என்ஜின்எக்ஸ் பின்னால் வேறொரு சர்வரிடம் கேட்டுப் பதில் தருகிறது என்றால் ஆளுக்கு இரண்டு கோப்பு என்று கணக்கிடுங்கள்.

பந்தியை இப்படி 10,000 இலைக்கு விரித்துவிடலாம். ஆனால் அடுப்படியில் இருக்கும் தரவுதளமான மைஎஸ்கியூஎல் இயல்பாக 151 இணைப்புகளைத்தான் ஏற்கும். பட்டர்வொர்த்திலிருந்து அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும்.